காயிலை வெட்டினால் கரண்ட் குறையுமா?

எங்கள் கடைத்தெருவில் என் அண்ணிக்கு மீட்டரம்மா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அண்ணி அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடை வாசலில் மாட்டிவிட்டார். கேலி செய்தவர்களுக்கு மூஞ்சி தொங்கிப் போனது.

நான் அவருக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நாலு குறையாவது சொல்ல வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். சொல்ல என்னிடம் இருக்கிறது. அண்ணிக்கு வாய் அதிகம், குரல் அதைவிட அதிகம். கடன் கேட்டு வந்தவரைக்கூட உட்காரவைத்துப் பேசுவார், கணக்கைத் தப்பாகச் சொன்னவரை நிற்கவைத்தே கேள்வி கேட்பார். வீட்டில் யாராவது "இந்த பல்பு ரொம்ப கரண்ட் சாப்பிடுது" என்று சும்மா சொல்லிவிட்டால் போச்சு, "எத்தனை ஆம்ப்ஸ் சாப்பிடுது, சொல்லு பார்ப்போம்" என்று பிடித்துக்கொள்வார். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் முழுக்க அண்ணி பக்கம். எரிந்தது என் தையல் கடை, அதனால் யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி ஹீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் வேலையில் இருந்தார். அங்கே பெண்கள் சுற்றுவார்கள், ஆண்கள் சோதித்துப் பார்ப்பார்கள். தான் சுற்றியது சரியா தப்பா என்று சுற்றியவளுக்குக் கடைசிவரை தெரியாது. அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சோதனை மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். விரட்டுவார்கள். மறுநாளும் போய் நிற்பார். கடைசியில் அங்கிருந்தவர் அலுத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்: வோல்டேஜை ஆம்ப்ஸால் வகுத்தால் காயிலின் தடை, அதற்கு ஓம் என்று கணக்கு. இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ், அதுதான் சூட்டின் அளவு. அண்ணி கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இதைப் போயா இத்தனை நாளா பொத்திப் பொத்தி வெச்சிருந்தீங்க?" என்றாராம்.

பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருவில் கடை போட்டார். இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், காயில் அடுப்பு எல்லாம் ரிப்பேர். பஸ் ஓட்டுகிற என் அண்ணன் ஒருநாள் அவரிடம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனான். சூடாக இருக்கும்போதே ஒயரை அதன்மேல் சுற்றி வைத்ததற்கு நடுத்தெருவில் திட்டு வாங்கினான். ஆள் மயங்கிவிட்டான். அடுத்த மாதமெல்லாம் எங்கள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். வீட்டில் புழுங்கிச் செத்த நாங்களே கல்யாணத்தை முடித்துவைத்தோம்.

அண்ணி செய்கிற காயில் அடுப்புக்குத் தெருவில் நல்ல பெயர். அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. வளைவு வளைவாகப் பள்ளம் வெட்டிய ஒரு மண் தட்டு, பள்ளத்துக்குள் ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பி. கரண்ட் போனால் கம்பி சிவக்கும். என் பக்கத்துக் கடையான டீக்கடையில் ஒன்று. காலர் கேன்வாஸுக்குப் பசை காய்ச்ச என்னிடம் ஒன்று. தெரு முனையில் செருப்புக்கடை வைத்திருக்கும் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் கோந்து உருக்க ஒன்று. இன்னும் பல கடைகளில் இருந்தது.

கம்பி என்றால் ஒருநாள் அறுந்துதான் போகும். அறுந்தால் அண்ணி ஒட்டுப் போடமாட்டார். முழுக் காயிலையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசுதான் மாட்டுவார். இதில்தான் டீக்கடைக்காரருக்கும் அண்ணிக்கும் ஆகாமல் போனது. அவர் ஒருநாள் தானே உட்கார்ந்து, கருகின துண்டை வெட்டி எறிந்து, மீதியை இழுத்துக் கொக்கி மாதிரி கோத்துவிட்டார். அடுப்பு எரிந்தது. எரிந்தது மட்டுமில்லை, முன்னைவிடச் சீக்கிரம் பால் பொங்கியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியாம்மா? காயில் சின்னதாச்சு, அதனால தீனி கம்மி. வேலை மட்டும் ஜாஸ்தி!" என்று என்னிடம் வந்து சொன்னார். தெரு முழுக்கச் சொன்னார். டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொன்னார்.

அண்ணி காதில் விழுந்ததும் நேராக டீக்கடைக்குப் போனார். "அண்ணே, காயில்தான் கரண்டை இழுத்துப் பிடிக்கிற கை. பிடிக்கிற கையை வெட்டிட்டு கரண்ட் அடங்கி வரும்னா எப்படி? முன்னைவிட ஜாஸ்தி கரண்ட் ஓடுது, அதான் சீக்கிரம் கொதிக்குது. பாலு கொதிக்கிற மாதிரியே உங்க பிளக்கும் கொதிக்கும்."

"உனக்குப் புதுக் காயில் விக்கணும், அதானே?" என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி விடவில்லை, இன்னும் நாலு கடைக்குப் போய்ச் சொன்னார். எல்லா இடத்திலும் அதே பதில், அதே சிரிப்பு. கொஞ்ச நாளில் தெருவில் பாதிப் பேர் டீக்கடைக்காரர் வழியில் காயிலை வெட்டிக் கோத்துக்கொண்டார்கள். அறுந்தால் மறுபடியும் வெட்டினார்கள்.

ஒரு மதியம், பக்கத்துப் பட்டறைகளில் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்த நேரம், டீக்கடையையும் என் கடையையும் பிரிக்கிற பலகைச் சுவரிலிருந்து புகை வந்தது. அந்தச் சுவரில்தான் அவருடைய பிளக். பிளக் உருகி, பலகையில் தீப் பிடித்து, இந்தப் பக்கம் நான் தைத்து மாட்டியிருந்த துணிகளில் ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றப் போனவர்களைத் தள்ளிவிட்டு அண்ணி ஓடிவந்து மெயினை இறக்கினார். அதற்குள் தன் அடுப்பைக் காப்பாற்றப் போய் டீக்கடைக்காரர் வலது கையைச் சுட்டுக்கொண்டார். நான் கருகின துணிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டுத்தான் அழுதேன்.

சாயங்காலம் கையில் பெரிய கட்டோடு டீக்கடைக்காரர் திரும்பி வந்தார். கட்டைப் பார்த்ததும் தெருவுக்கே மனம் இளகிவிட்டது. "மீட்டரம்மா செஞ்ச அடுப்பு. அவ செஞ்சதுதான் என்னை எரிச்சுது" என்றார் அவர். வெட்டியது, கோத்தது எதையும் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கடைகள் எல்லாம் சங்கத்துக்குச் சொந்தம். மறுநாள் காலையில் அண்ணி வந்து பார்த்தால் அவர் கடை ஷட்டரில் சங்கத்தின் பூட்டு தொங்குகிறது. தலைவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"யாரும் உன்னைத் துரத்தலை. எல்லார் முன்னாலயும் தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பூட்டை எடுத்துடுறோம். இல்லேன்னா கடையைக் காலி பண்ண வேண்டியதுதான்."

வீட்டில் அண்ணன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னான்: "ஒரு வார்த்தை தானே. சொல்லிட்டுப் போயேன். வாயால சொல்றதுல என்ன குறைஞ்சுடப் போகுது?"

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"கம்பெனியில ஒரு தடவை சோதனை மேஜை எரிஞ்சுதுங்க. எரியவிட்டது வேற ஆளு. ஆனா நான் அங்க போய் நிக்கிறவ, அதனால சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, உன் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, இத்தோட முடிஞ்சுடும்னு சொன்னாரு. சொன்னேன். முடியலை. அப்புறம் எங்க எது கருகினாலும் என் பேரு. நான் லீவுல இருந்தன்னிக்குக் கருகினதுக்கும் என் பேரு. அதனாலதான் வேலையை விட்டேன். இந்த ஒரு வார்த்தையை நான் சொன்னேன்னா, நாளைக்கு இந்தத் தெருவுல எந்த ஒயர் எரிஞ்சாலும் மீட்டரம்மாதான். அது மட்டும் இல்ல. இன்னும் அத்தனை கடையிலயும் வெட்டின காயில் எரிஞ்சுட்டு இருக்கு. என் தப்புன்னு சொல்லிட்டா அதை யாரு மாத்துவாங்க?"

அண்ணன் கோடு போடுவதை நிறுத்தினான். "அப்போ சொல்லாதே" என்றான். என் அண்ணன் அதிகம் பேசுகிற ஆளில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது.

மறுநாள் அண்ணி பூட்டின ஷட்டருக்கு முன்னால் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கரண்ட் இல்லை, அதனால் திருகி முறுக்கிச் செய்கிற வேலையெல்லாம் செய்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "அந்த அடுப்பைத் தெருவுல வெச்சு அளப்போம். அளந்து பார்த்து என் தப்புன்னா நானே காலி பண்றேன்" என்றார். தலைவர் முதலில் காதில் வாங்கவில்லை. ஆனால் தெருவில் ஒருத்தர் இரண்டு பேராவது "அளந்தாதான் என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. கடைசியில் தலைவர் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: மீட்டர் அண்ணியுடையது, ஆனால் அளப்பது தன் மச்சான். செல்போன் கவர் விற்கிற பையன்தான், இருந்தாலும் கடையில் ஒயர் எல்லாம் இருக்கிறதே.

சங்கத்தின் பொது போர்டிலிருந்து தடியான ஒயர் இழுத்து, டீக்கடை அடுப்புக்கு வேறு பிளக் போட்டு, தெரு நடுவில் வைத்தார்கள். அண்ணியிடம் இருந்தது கவ்வுகிற மீட்டர். இடுக்கி மாதிரி வாய் திறக்கும், ஒயரைக் கவ்வவிட்டால் அதில் எத்தனை ஆம்ப்ஸ் ஓடுகிறது என்று காட்டும். அடுப்பு சிவந்தது. மச்சான் மீட்டரை வாங்கி, அடுப்பின் ஒயரை அப்படியே மொத்தமாகக் கவ்வவிட்டார்.

"ஜீரோ!" என்று கத்தினார். "மாமா, ஜீரோ! இது கரண்டே எடுக்கலை!"

"கேட்டுக்குங்க" என்றார் டீக்கடைக்காரர். "நான்தான் அப்பவே சொன்னேனே, தீனி கம்மின்னு." தெருவில் ஒரே ஆரவாரம். மீட்டர் பழுதோ என்று அண்ணியைப் பார்த்தேன்.

அண்ணி இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "கரண்டே எடுக்காம இப்படிச் சிவக்குதே, வெக்கப்படுதா தம்பி? அந்த ஒயருக்குள்ள ரெண்டு கம்பி இருக்கு. ஒண்ணுல போற கரண்ட்தான் இன்னொண்ணுல திரும்பி வருது. ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும். எந்த அடுப்பை வெச்சாலும் ஜீரோதான் காட்டும். ஒத்தைக் கம்பியைப் பிடிங்க."

மெயினை இறக்கி, மேலுறையைக் கொஞ்சம் கிழித்து, இரண்டு கம்பியையும் பிரித்துக் கொடுத்தார். மச்சான் ஒன்றைக் கவ்வவிட்டார். மறுபடி மெயினைப் போட்டதும் ஆறு என்று காட்டியது. போர்டில் வோல்டேஜ் இருநூற்றுப் பத்து. அண்ணி சாக்கட்டியை எடுத்துப் பூட்டின ஷட்டரில் பெரிதாக எழுதினார்: 210-ஐ 6-ஆல் வகுத்தால் 35.

"இப்போ இந்தக் காயிலோட தடை முப்பத்தஞ்சு ஓம். நான் மாட்டிக் குடுத்தது ஐம்பத்திமூணு. மூணுல ஒரு பங்கு காயிலைக் காணோம். எங்க போச்சு?"

கூட்டம் டீக்கடைக்காரரைப் பார்த்தது. தலைவர் லேசுப்பட்ட ஆளில்லை. "நீ மாட்டும்போதே முப்பத்தஞ்சா மாட்டியிருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான்.

"ஊசி!" என்று அண்ணி என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். தையல்காரி என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர். "உன் அடுப்பை எடுத்துட்டு வா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு அடுப்பையும் அண்ணி ஒரே கம்பிச் சுருளிலிருந்து, ஒரே நாளில், டீக்கடைக்காரரும் நானும் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதுதான் செய்தார். என்னுடையது என்றாவது ஒருநாள் எரிகிற அடுப்பு, காயில் இதுவரை அறுந்ததே இல்லை. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். மச்சான் இந்தத் தடவை ஒற்றைக் கம்பியைச் சரியாகப் பிடித்தார். நாலு என்று காட்டியது.

"இருநூத்துப் பத்தை நாலால வகுங்க. ஐம்பத்திரெண்டரை. ஐம்பத்திமூணுன்னு சொன்னேன், அரை முன்னப் பின்ன, மன்னிச்சுக்குங்க" என்றார் அண்ணி. மன்னிப்பு என்ற வார்த்தையைத் தலைவர் பக்கம் பார்த்துச் சொன்னார். "ஆறு ஆம்ப்ஸ்ங்கிறது இப்போ. மதியம் பட்டறைங்க மெஷினை நிறுத்தினதும் நம்ம தெருவுல வோல்டேஜ் இருநூத்து முப்பதுக்கு ஏறும். அப்போ இது ஆறரைக்கு மேல இழுக்கும். பெருக்கிப் பாருங்க, ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ். ஆயிரம் வாட்ஸ் அடுப்புக்கு மாட்டின அஞ்சு ஆம்ப்ஸ் பிளக் பாவம் என்ன பண்ணும்?"

பிறகு மீட்டரை மச்சான் கையிலிருந்து வாங்கிக்கொண்டு செருப்புக்கடையைப் பார்த்து நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது. தலைவர் "என் கடைக்கு எதுக்கு?" என்று குறுக்கே வந்தார்.

"கோந்து அடுப்பு எரியுதுல்ல? அளக்கக்கூட வேண்டாம், தலைவரே. பிளக்கைத் தொட்டுப் பாருங்க."

"அதெல்லாம் எப்பவும் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்."

"கொஞ்சம்தானே. தொடுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் கையை நீட்டினார், வைத்த வேகத்தில் உதறிக்கொண்டு இழுத்துக்கொண்டார். பிளக்குக்குப் பின்னால் சுவரே பழுப்பாகியிருந்தது. அட்டைப்பெட்டிகளை அதன்மேல்தான் சாய்த்து அடுக்கியிருந்தார். அண்ணி ஒற்றைக் கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டார், ஏழு. யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் சத்தமில்லாமல் கூட்டத்திலிருந்து நழுவித் தங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். எதை அணைக்க ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும்.

தலைவர் அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, சட்டைப்பையிலிருந்து பூட்டின் சாவியை எடுத்து நீட்டினார். "சரிம்மா. நடந்தது நடந்துடுச்சு. சாவியைப் பிடி. இத்தோட விட்டுடு."

நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். பிடுங்கிக்கொண்டு ஓடியே போயிருப்பேன். அண்ணி கையை நீட்டவில்லை.

"பூட்டினது நடுத்தெருவுல, ஓரமா இல்ல. என் பேரைச் சொன்னதும் நடுத்தெருவுலதான். திறக்கிறதும் அங்கதான். யாரு சொன்னாங்களோ அவங்க வந்து திறக்கட்டும்."

"அவன் கை வெந்துபோய் இருக்கானேம்மா."

"இடது கை நல்லாத்தானே இருக்கு."

டீக்கடைக்காரர் வந்தார். வந்துதான் ஆகவேண்டும், அத்தனை பேரும் வழிவிட்டு நின்றார்கள். அண்ணி அவருடைய அடுப்பிலிருந்து ஆறிப்போன காயிலைக் கழற்றி, மேஜையில் புதுக் காயில் ஒன்றுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். வித்தியாசம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழையதில் கொக்கி போட்டுக் கோத்த இடங்கள் கறுப்பாக முடிச்சு முடிச்சாக இருந்தன.

"அண்ணே, காயிலை வெட்டினா கரண்ட் என்ன ஆகும்?"

அவர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா."

"ஜாஸ்தியாகும்."

"வெட்டினது யாரு?"

அவர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. கருகின துணிகள் ஞாபகம் வந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

"நான்தான் வெட்டினேன்" என்றார், தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி. "மீட்டரம்மா மேல தப்பு இல்ல. நான்தான் வெட்டினேன்."

இடது கையால் சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு திறக்கவில்லை, பழக்கமில்லாத கை. அண்ணி போய் பூட்டை அசையாமல் பிடித்துக்கொடுத்தார். திறந்தது. "உட்காருங்க அண்ணே, புதுக் காயில் மாட்டித் தர்றேன். இந்தக் கையோட எப்படிக் கடை நடத்துவீங்க" என்று அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் அண்ணியைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

ஷட்டரைத் தூக்கும்போது சாக்கட்டிக் கணக்கும் அதோடு மேலே சுருண்டு போனது. அதை அவர் அழிக்கவில்லை, யாரையும் அழிக்க விடவும் இல்லை. இன்றைக்கும் கடை சாத்தினால் அந்த முப்பத்தஞ்சு தெருவைப் பார்த்து நிற்கும்.

அன்றைக்கு மதியத்துக்குள் கடை வாசலில் அடுப்பும் கையுமாக வரிசை நின்றுவிட்டது. அண்ணி ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினார். எத்தனை தடவை வெட்டினார்கள் என்று சொல்லாமல் யாருடைய அடுப்பையும் தொடவில்லை. வரிசையில் ஒருத்தர் அடுப்பைச் செருப்புக்கடைப் பையில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் முறை வந்ததும் மேஜைமேல் குனிந்து அண்ணிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

அண்ணி சாக்கட்டியைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சத்தமா, தலைவரே."